நாகம்மா வெச்ச சுச்சு

கடைக்கு வண்டி எடுத்தார்றவன் எவனா இருந்தாலும் வந்து நின்ன உடனே ஒண்ணுதான் கேப்பான், "எப்பண்ணா ரெடியாவும்?" வண்டிக்கு இன்னா கோளாறுன்னு கேக்கமாட்டான். நாமளா சொன்னாலும் போன நோண்டிகினே "உம்"முன்னுவான். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்ல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வெச்சிகினு இத்தினி வருஷமா இதே ரோதனைதான். எனக்கும் சுள்ளுனு வந்துடும், ரெண்டு வார்த்தை ஏசிட்டுத்தான் ஸ்பேனரத் தொடுவேன். அழகேசன் வேலை சுத்தம், வாய்தான் கலீஜுன்னு ஏரியாவுல ஒரு பேரு கீது. இருந்துட்டுப் போட்டும்.

நாகம்மா அக்கா மட்டுந்தான் வேற மாதிரி கேட்டுச்சு. பூக்கூடைய கடை வாசல்ல எறக்கி வெச்சிட்டு, குந்தச் சொன்னாலும் குந்தாம, நின்னுகினே சொல்லிச்சு.

"வண்டிய நீ ஓட வெக்க வோணாம் அழகேசா. அன்னிக்கி அது ஏன் ஓடலைன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

எந்த அன்னிக்கின்னு நான் கேக்கல. அதோட புருஷன் திருவேங்கடம் செத்துப்போன அன்னிக்கிதான். மனுஷன் நெஞ்சு வலில துடிக்கிறப்ப ஊட்டு வாசல்லயே நின்னுகினு இருந்த வேன் ஸ்டார்ட் ஆவல. ஆட்டோ புடிச்சி இட்டுகினு போறதுக்குள்ள பாதி வழிலயே உசுரு போயிடிச்சி. காரியமெல்லாம் முடிஞ்சி மாசக்கணக்கா ஆயிடிச்சி. அந்த வேனை அக்கா யாரையும் தொட வுடல. ஓசூர்ல கட்டிக்குடுத்த பொண்ணு கிருஷ்ணப்பிரியா, அத்தக் காயலாங்கடைக்குப் போட்டுடும்மான்னு போன்ல கத்திகினே கீது. அக்கா காதுல வாங்கல.

"இப்பத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? போனவரு வந்துடப் போறாரா?"ன்னு கேட்டுட்டேன். சொன்னேன்ல, நம்ம வாயி அப்டி.

அக்கா கோச்சிக்கல. "என்னாலயா இல்லியான்னு தெரியணும். என்னால இல்லன்னு தெரிஞ்சா தூங்குவேன். என்னாலதான்னு தெரிஞ்சாலும் அழுதுட்டுத் தூங்கிடுவேன். இது ரெண்டுங்கெட்டானா கீது பாரு, இதான் முடியல"ன்னுச்சு.

புருஷனுக்கு வந்தது நெஞ்சு வலி. வேன் ஓடாததுக்கு இந்தம்மா எப்டிப் பொறுப்பாவும்னு எனக்கு ஒண்ணும் பிரியல. மதியானம் வரேன்னேன்.

அக்காவப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியாவணும். கோவில்பதாகைலதான் பொறந்துச்சு, கட்டிகினதுக்கு அப்பாலயும் அங்கியேதான் கீது. அவங்க அப்பா பயிரு வெச்ச நெலம் இப்ப பூரா அடுக்குமாடி. அண்ணன் தம்பிங்க வித்துட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அக்கா பங்குக்கு வந்த மூலைல ஒரு ஊட்டக் கட்டிகினு நின்னுடுச்சு. அந்த அடுக்குமாடிங்களுக்கே மொழம் போட்டுப் பூ விக்கிது. போன நெலத்துக்காக ஒரு நாளும் மூக்கால அழுததில்ல. "அப்ப குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு ஒடிஞ்சிது, இப்ப குந்திகினு கட்டுறேன், இன்னா கொறைஞ்சி போச்சு?"ன்னும். ஃபிளாட்டுக்குப் புதுசா வந்த பொண்ணுங்க பேரம் பேசுனா, "பூவுக்குப் பேரம் பேசு தாயி, என் மொழத்துக்குப் பேசாத. இது ஆண்டவன் குடுத்த கையி, இழுத்தா நீளாது"ன்னு மூஞ்சில அடிச்சாப்ல சொல்லும். சொல்லிட்டு ஒரு சாண் சேத்தே அறுத்துக் குடுக்கும்.

திருவேங்கடம் திருமழிசைக்காரரு. அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில லேத்து ஓட்டிகினு இருந்தாரு. கம்பெனிய மூடுனதும் கைக்கு வந்தத வெச்சி ஒரு பழைய ஆம்னி வேன் வாங்குனாரு. விடியக்காலைல கோயம்பேட்லேர்ந்து பூ மூட்டை, அப்பால ஸ்கூல் புள்ளைங்க. எனக்கு அண்ணாத்தே அவரு. பொழுது சாயற வரைக்கும் தங்கமான மனுஷன். பொழுது சாஞ்சா ஒயின் ஷாப்பு. உள்ள போச்சுன்னா திருமழிசைல கீற தம்பி ஞாபகம் வந்துடும். பாகத்துல ஏமாத்திட்டான், இப்பவே போயி அவன ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்னு வேன் சாவியத் தூக்கிடுவாரு. ஒரு தபா அப்டிப் போயி ஒரு ஊட்டு காம்பவுண்டு சொவத்துல சாத்திட்டாரு. அந்தச் சொவத்துக்குப் பின்னால ஒரு கொழந்த தூளில தூங்கிகினு இருந்துச்சாம். சாமி புண்ணியத்துல அதுக்கு ஒண்ணும் ஆவல.

இது வரைக்கும் ஊருக்கே தெரியும். இதுக்கு மேல அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மதியானம் ஸ்கூட்டர்ல நம்ம கடை பேட்டரி ஒண்ண முன்னால வெச்சிகினு போனேன். மாசக்கணக்கா நின்ன வண்டில பேட்டரி செத்துட்டு இருக்கும், அது தெரிஞ்ச கதை. வேன் ஃபிளாட்டு சொவத்த ஒட்டி நின்னுகினு இருந்துச்சு. டயர்ல காத்து இல்ல. கண்ணாடி பூரா தூசி. அந்தத் தூசிக்கு நடுவுல பழைய குங்குமப் பொட்டு ஒண்ணு காஞ்சி கறுத்துப் போயி கீது.

அக்கா இடது பக்கக் கதவத் தொறந்து, "டேஷ்போர்டுக்கு அடில கைய வுட்டுப் பாரு"ன்னுச்சு.

வுட்டேன். உள்ளத் தள்ளி, தகடுக்குப் பின்னால ஒரு சுச்சு தட்டுப்பட்டுச்சு. டார்ச் அடிச்சிப் பாத்தேன். மேலயும் கீழயும் தள்ளுற சின்ன சுச்சு.

"எவன் வெச்சான் இத்த?"

"நான்தான் வெக்கச் சொன்னேன். சொவத்துல மோதிட்டு வந்தாரே, அதுக்கு அடுத்த வாரம். ஆவடில ஜம்புலிங்கம்னு ஒருத்தரு கடை வெச்சிருந்தாரு, இப்ப இல்ல. அவரு சாவிலேர்ந்து எஞ்சினுக்குப் போற கரண்ட்டு ஒயர அறுத்து நடுவுல இத்தப் போட்டுக் குடுத்தாரு. மேல தள்ளுனா ஓடும். கீழ தள்ளுனா எத்தினி தபா அடிச்சாலும் ஓடாது."

திருட்டுப் பயத்துக்கு இந்த மாதிரி வெக்கிறது வழக்கந்தான். நானே எத்தினியோ வண்டிக்கு வெச்சிகீறேன். ஆனா அது திருடனுக்கு வெக்கிறது. புருஷனுக்கு வெச்சத அப்பதான் பாக்குறேன்.

"ஏன்க்கா, அதுக்கு ஆவடி வரைக்கும் போவணுமா? நான் இங்க செத்தா போயிட்டேன்?"

"நீ அவரு ஆளு. ரெண்டே நாள்ல உளறிடுவ."

உளறித்தான் இருப்பேன்.

அக்கா கதவப் புடிச்சிகினே சொல்லிச்சு. சாயங்காலம் அவரு வந்து காலு கழுவப் போற நேரத்துல, வேன்ல பூ மூட்டை எடுக்கற மாதிரி போயி சுச்சைக் கீழ தள்ளிடும். விடியக்காலைல வாசல் தெளிச்சி, கோலம் போட்டு, வேன் கண்ணாடியத் தொடச்சி, குங்குமம் வெச்சி, அப்டியே கைய வுட்டு மேல தள்ளிடும். அவரு பல்லு வெளக்கிகினே கிண்டல் பண்ணுவாராம், "கட்டிகினவனுக்கு ஒரு காபி இல்ல, வண்டிக்குப் பொட்டு வெக்கிறா பாரு"ன்னு.

"ஆரம்பத்துல ராத்திரி ராத்திரி சாவியப் போட்டு அடி அடின்னு அடிப்பாரு. ஸ்டார்ட் ஆவாது. கண்ட மேனிக்கு ஏசிட்டுப் படுத்துடுவாரு. அப்பால அப்பால அவருக்கே சலிச்சிப் போச்சி. சாவிய எடுப்பாரு, 'இந்த சனியன் ராத்திரில ஸ்டார்ட் ஆவாது'ன்னு அவரே சொல்லிகினு ஆணில மாட்டிடுவாரு. வண்டிகிட்டக் கூடப் போவமாட்டாரு."

அப்பால ஒரு வருஷம் மலைக்கு மாலை போட்டாரு. எப்பவும் மாலையக் கழட்டுன அன்னிக்கே ஒயின் ஷாப்புக்குப் போற ஆளு, அந்த வருஷம் போவல. அப்டியே வுட்டுட்டாரு. தம்பியோடயும் ராசியாயிட்டாரு. அது எனக்கும் தெரியும், நானே கிண்டல் பண்ணிகீறேன். ஆனா அக்கா நம்பல. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்களே. அதனால சுச்சை மட்டும் வுடல, தெனமும் ராத்திரி கீழ, காலைல மேல.

"அன்னிக்கி ஞாயித்துக்கெழம. தம்பி பேத்திக்குக் காது குத்துன்னு திருமழிசைக்குப் போனாரு. எனக்குப் பூ ஆர்டரு இருந்துச்சி, போவல. மதியானத்துக்கு மேல வந்தாரு. சட்டை தொப்பலா நனைஞ்சி கீது. காலு தள்ளாடுது. நாக்கு கொழறுது. 'வண்டி வழில மக்கர் பண்ணிச்சி நாகு, கடைசில தள்ளிகினு வந்தேன்'னாரு. எனக்கு எரிஞ்சிது அழகேசா. பட்டப்பகல்ல என்னிக்கி மக்கர் பண்ணிகீது இந்த வண்டி? நான் நெனச்சாத்தான அது மக்கர் பண்ணும்?"

நான் டார்ச்ச அணைச்சேன்.

"தம்பியோட சேந்துகினு மறுபடியும் ஆரம்பிச்சிட்டியான்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டுட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லாம போயிப் படுத்துகினாரு. நான் போயி சுச்சைக் கீழ தள்ளிட்டு வந்து பூ கட்டக் குந்திட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி ஒரு மாதிரி சத்தம் கேட்டுச்சி. போயிப் பாத்தா நெஞ்சப் புடிச்சிகினு சுருண்டு கீறாரு. சாராய வாடை சுத்தமா இல்ல. அப்பதான் கிட்டப் போயி மோந்து பாத்தேன். முன்னாலயே பாத்திருக்கலாம்ல."

அக்கா அழுவல. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் சவுகரியமா இருந்திருக்கும்.

பக்கத்து ஃபிளாட்ல தினேஷ்னு ஒரு தம்பி கீறாரு. சங்கரன்கோவில்காரரு, கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. அவருதான் ஓடியாந்து வேன்ல ஏறி அடிச்சாரு. எஞ்சின் சுத்துது, புடிக்கல. அக்கா டேஷ்போர்டுக்கு அடில கைய வுட்டுத் தள்ளிச்சாம்.

"மேல தள்ளுனதாத்தான் நெனப்பு. ஆனா கை கைல இல்ல. ஏற்கெனவே பதட்டத்துல ஒரு தபா மேல தள்ளிட்டு, மறுபடியும் தள்ளிக் கீழ கொண்டாந்துட்டேனான்னும் தெரில. காரியம் முடிஞ்ச அப்பால வந்து பாத்தேன். கீழ கீது, அழகேசா. இப்பவும் கீழதான் கீது."

டார்ச்ச அடிச்சேன். கீழதான் இருந்துச்சு.

"ஆட்டோல என் மடில தல வெச்சிப் படுத்துகினு இருந்தாரு. 'சுச்சு, சுச்சு'ன்னாரு. எனக்கு உசுரே போயிடிச்சி. தெரிஞ்சி கீது இந்த மனுஷனுக்கு. 'ஆமான்யா, நான்தான்யா வெச்சேன், மன்னிச்சிடுய்யா'ன்னேன். கைய இப்டி இப்டி ஆட்டுனாரு. கிட்ட வராத, தொடாதன்னு தள்ளுறாருன்னு தெரிஞ்சிச்சி. அப்டியே ஆட்டிகினே கை வுழுந்துடுச்சி." அக்கா வெரல வெரிச்சிக் கைய ரெண்டு பக்கமும் ஆட்டிக் காட்டுச்சு. "இத்த நான் யாருகிட்ட சொல்றது? பொண்ணுகிட்டயா?"

எனக்கு அப்ப ஒரே யோசனைதான். பொய் சொல்லிடலாம். பெட்ரோல் பம்பு போச்சுக்கா, சுச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அடிச்சி வுட்டுட்டா முடிஞ்சிச்சு. யாருக்கு இன்னா நஷ்டம்? அக்கா என் மூஞ்சியப் பாத்தே புடிச்சிடுச்சு.

"பொய் சொல்லலாம்னு பாக்காத. ஜம்புலிங்கம் எனக்குக் காட்டிகீறாரு. மேல இருந்தா பொறி வரும், கீழ இருந்தா பொறி வராது. நானும் பாப்பேன். சுச்சை நீ தொடாத. எப்டி கீதோ அப்டியே பாரு."

இனிமே தப்பிக்க வழி இல்ல. பெட்ரோல் வண்டி ஓடணும்னா ரெண்டே சமாச்சாரந்தான். பொறி வரணும், பெட்ரோல் வரணும். பொறி வரலன்னா அக்காவாலதான். பெட்ரோல் வரலன்னா வண்டியால. நான் பாக்குற ஒவ்வொரு வண்டிலயும் மொதல்ல பொறியத்தான் பாப்பேன். அன்னிக்கி மட்டும் பெட்ரோல மொதல்ல பாக்கலாமான்னு கை அந்தப் பக்கமே போச்சு, இழுத்துகினேன்.

தினேஷக் கூப்ட்டேன். அன்னிக்கி வேலை நாளு, ஊட்லேர்ந்தே வேலை பாத்துகினு இருந்தாரு. காதுல மாட்டுன ஹெட்போன அப்டியே கழுத்துல தொங்க வுட்டுகினு வந்தாரு. "நான் அன்னைக்கு ரொம்ப நேரம் அடிச்சேண்ணே. பழைய வண்டி, எனக்குத்தான் பழக்கமில்லாம ஸ்டார்ட் பண்ணத் தெரியலையோன்னு இப்பவும் மனசு கெடந்து அடிக்குது"ன்னாரு. அட, இவரும் ஒரு மூட்டையச் செமந்துகினு கீறாருன்னு நெனச்சேன். "நீ சாவியப் போட்டுச் சொல்றப்ப திருப்பு தம்பி, போதும்"னேன்.

சீட்ட மடக்கிட்டா எஞ்சின். செத்த பேட்டரியக் கழட்டிட்டு நம்ம பேட்டரியப் போட்டேன். ஒரு பிளக்கு ஒயரப் புடுங்கி, என்கிட்ட இருந்த பிளக்க அதுல சொருகி, எஞ்சின் மேல சாய்ச்சி வெச்சேன். வெயிலு அடிச்சிது, பொறி தெரியாதுன்னு அக்கா தன் முந்தானைய விரிச்சி நெழலு புடிச்சிது.

"திருப்பு தம்பி"ன்னேன்.

எஞ்சின் சுத்துச்சு. பிளக்கு முனைல நீலமா பொறி. டக்கு டக்குன்னு, சத்தத்தோட, நல்ல தெம்பான பொறி.

நான் ஏமாந்துட்டேனான்னு இன்னொரு தபா திருப்பச் சொன்னேன். அதே நீலம்.

"வராது"ன்னுச்சு அக்கா. "சுச்சு கீழ கீது. வராது."

"வந்துச்சேக்கா. பாத்தல்ல."

"உன் பேட்டரி புதுசு, அதான்."

"பேட்டரி புதுசா இருந்தா அறுத்த ஒயருல தாண்டிப் போயிடுமா? வெளாடறியா?" எனக்குக் கோவமே வந்துடுச்சு. "நீயே தள்ளிப் பாரு போ."

அக்கா போயி மேல தள்ளுச்சு. பொறி. கீழ தள்ளுச்சு. பொறி. மறுபடியும் மேல, மறுபடியும் கீழ. அந்தப் பொறி சுச்சை ஒரு மசுருக்கும் மதிக்கல. தினேஷுக்கு ஒண்ணும் பிரியாம எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துகினு இருந்தாரு.

நான் தரைல மல்லாக்கப் படுத்து, டேஷ்போர்டு அடில தலைய நொழைச்சி அந்தத் தகட்டக் கழட்டுனேன். சுச்சு தனியா தொங்குச்சு, அதுல ஒயரே இல்ல. ரெண்டு ஒயரையும் சுச்சுலேர்ந்து புடுங்கி, செம்புக் கம்பியச் சுரண்டி, ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, யாரோ டேப் சுத்தி வெச்சிகீறாங்க. நேத்து சுத்துனது இல்ல. டேப் வெளுத்து, தூசி படிஞ்சி இறுகிப் போயி கீது, பல வருஷத்துச் சமாச்சாரம். அந்த டேப்புக்கு மேல வெள்ளை நூல்ல ஒரு கட்டு.

எங்க தொழில்ல எவனும் நூலு கட்டமாட்டான். "அக்கா, இங்க வா. இத்தப் பாரு"ன்னேன்.

அக்கா குனிஞ்சி டார்ச்ச வாங்கிப் பாத்துச்சு. நூல வெரலால தடவுச்சு. "பூ கட்டுற நூலு"ன்னுச்சு. அப்பால, "அவரு முடிச்சி. கல்யாண சீசன்ல கூடக் குந்தி கட்டுவாரு. எத்தினி சொன்னாலும் ஒரு சுத்து ஜாஸ்தி சுத்துவாரு. பூ நசுங்கிடும்னு திட்டுவேன்"னுச்சு.

எனக்கு அப்பதான் ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால, அவரு இன்னும் குடிய வுடாதப்ப, ஒரு நாள் அண்ணாத்தே மூஞ்சி வெளிறிப் போயி கடைக்கு வந்தாரு. பூந்தமல்லி ரோட்ல, வண்டி நெறைய ஸ்கூல் புள்ளைங்கள வெச்சிகினு போறப்ப எஞ்சின் பொட்டுனு நின்னுபோச்சாம். பின்னால வந்த லாரி ஒரு மொழம் தள்ளித்தான் நின்னுச்சாம். நாளைக்கு வண்டிய எடுத்துகினு வா அண்ணாத்தே, பாக்குறேன்னேன். மறுநாள் கேட்டா, "சரியாயிடிச்சி வுடு"ன்னுட்டாரு. காட்டக்கூட இல்ல. வேற எவன்கிட்டயோ போயிட்டாருன்னு நான் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு இருந்தேன்.

அன்னிக்கி ராத்திரி அவரே ஒயர் ஒயரா தேடிகீறாரு. அந்த சுச்சு தேஞ்சி, ஓட்டத்துல கரண்ட வுட்டு வுட்டுப் புடிச்சிருக்கும். கண்டுபுடிச்சிட்டாரு. யாரு வெச்சது, எதுக்கு வெச்சதுன்னு தெரியாம இருக்க அவரு இன்னா பச்சைப்புள்ளையா? புடுங்கிக் கடாசியிருக்கலாம். பொண்டாட்டிய நிக்க வெச்சிக் கேட்டிருக்கலாம். புள்ளைங்க போற வண்டின்னு ஒயர நேரா முடிஞ்சிட்டு, சுச்சை மட்டும் அக்கா தள்ளிக்கட்டும்னு அங்கியே வுட்டுட்டாரு.

இத்தச் சொன்னேன். அக்கா வேன் படில குந்திகினுச்சு.

"அப்ப அன்னிலேர்ந்து, ராத்திரில அவரு சாவியப் போட்டிருந்தா..."

"ஓடியிருக்கும்க்கா. எந்த ராத்திரி போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்."

"குடிச்சிட்டு வந்தாரே. அப்பவுந்தான் குடிச்சிகினு இருந்தாரு. சாவிய எடுத்துகினு, ஸ்டார்ட் ஆவாதுன்னு அவரே சொல்லி ஆணில மாட்டுவாரே."

"ஆமா."

"அது எனக்காகச் சொன்னதா?"

நான் பெட்ரோலப் பாக்கப் போனேன். பம்புலேர்ந்து வர்ற ஓஸக் கழட்டி தினேஷத் திருப்பச் சொன்னேன். ஒரு சொட்டு வரல. டேங்க்குல பெட்ரோல் கீது. பம்பக் கழட்டிப் பாத்தா உள்ள கீற ரப்பர் சவ்வு கிழிஞ்சி தொங்குது. எஞ்சின் ஆயில் அளக்கற குச்சிய உருவி மோந்து பாத்தேன். ஆயில்ல பெட்ரோல் வாடை. வண்டி ஓடறப்ப சவ்வு கிழிஞ்சாத்தான் பெட்ரோலு இப்டி ஆயில்ல எறங்கும். திருமழிசைலேர்ந்து வர்ற வழிலயே கிழிஞ்சிகீது. இருமி இருமி வந்து கடைசில நின்னுருக்கும். தள்ளிகினு வந்தேன்னு அவரு சொன்னது நெசம்.

குச்சிய அக்காகிட்டயே நீட்டுனேன். மோந்து பாத்துச்சு. "தினேஷ் தம்பி, நீ எத்தினி அடிச்சிருந்தாலும் ஓடியிருக்காது, போயி வேலையப் பாரு"ன்னேன். அவரு கண்ணு கலங்கிடுச்சு, தலைய ஆட்டிட்டுப் போனாரு.

அக்கா கைல அந்தக் குச்சியப் புடிச்சிகினே நின்னுச்சு. அப்பால இன்னொரு கைய மெதுவா தூக்கி, வெரல வெரிச்சி, ரெண்டு பக்கமும் ஆட்டுச்சு. ஆட்டோல அவரு ஆட்டுனாருன்னு காட்டுன அதே மாதிரி. ஒரு தபா ஆட்டிட்டு நிறுத்தி, மறுபடியும் ஆட்டிப் பாத்துச்சு.

"தள்ளல அழகேசா. என்னத் தள்ளல. சுச்சு இல்லன்னு சொல்லிகீறாரு. 'சுச்சு இல்ல நாகு, சுச்சு இல்ல'ன்னு சொல்ல வந்துகீறாரு. நாக்கு பொரளல, அதான் கையால சொல்லிகீறாரு. நான் அழுவற அழுகைல கேக்கவே இல்ல."

அப்பதான் அக்கா அழுதுச்சு. சத்தம் போட்டு, மாருல அடிச்சிகினு. சாவு ஊட்ல கூட அது அப்டி அழுவல, நான் இருந்தேன், எனக்குத் தெரியும். நான் பக்கத்துல குந்திகினு இருந்தேன். எனக்கும் தாங்கல. இத்தினி வருஷம் எங்கூட டீ குடிச்ச மனுஷன், ஒரு வார்த்தை சொல்லல பாரு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ஒருத்தருக்காக ஒருத்தரு எங்கிட்ட மறைச்சிட்டாங்க.

அழுது ஓஞ்ச அப்பால முந்தானைல மூஞ்சியத் தொடச்சிகினு, "நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டேனே, அது என்னால தான?"ன்னுச்சு.

"ஆமாக்கா. அது உன்னாலதான்"னேன். பொய் சொல்லாதன்னு அதுதான் சொல்லி வெச்சிருந்துச்சு. அக்கா தலைய ஆட்டிகினுச்சு.

மறுநாள் காலைல பம்பு வாங்கியாந்து மாட்டுனேன். ஆயிலு மாத்தி, டயருக்குக் காத்து அடிச்சாச்சு. அக்கா வாசல் தெளிச்சி, கண்ணாடியத் தொடச்சிப் புதுசா பொட்டு வெச்சிருந்துச்சு. சாவியத் திருப்புனேன். ரெண்டு தபா மொனகிட்டு மூணாவது தபா புடிச்சிகினுச்சு. ஃபிளாட்டு பால்கனிலேர்ந்து தினேஷ் எட்டிப் பாத்து கையக் காட்டுனாரு.

எஞ்சின் ஓடறப்பவே அக்கா இடது பக்கமா கைய வுட்டு சுச்சைக் கீழ தள்ளுச்சு. வண்டி பாட்டுக்கு ஓடிகினு இருந்துச்சு.

"எம் பேச்சக் கேக்கற மாதிரி எத்தினி வருஷம் நடிச்சிகீறாரு பாரு"ன்னுச்சு.

நான் ஸ்க்ரூ டிரைவர எடுத்தேன். "அந்த சுச்சைக் கழட்டிடட்டாக்கா? ஒண்ணுத்துக்கும் ஆவாது. சும்மாதான் தொங்கிகினு கீது."

அக்கா என் கையத் தட்டி வுட்டுச்சு.

"வெச்சது நானு. இருக்க வுட்டது அவரு. நடுவுல நீ யாருடா கழட்ட?"